பழைய கதவு வழியைச் செங்கல் வைத்து அடைப்பது எப்படி: முதல் முறை கரண்டி பிடிப்பவருக்கு

கேள்வி இதுதான். வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் பழைய சாமான் அறைக்கு இரண்டு வாசல். அதில் 3 அடி அகலமும் 6½ அடி உயரமும் உள்ள ஒன்றை நிரந்தரமாக அடைக்க வேண்டும். 9 இஞ்ச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் லிண்டல் (வாசல் தலைக்கு மேல் குறுக்கே கிடக்கும் உத்திரம்). இவ்வளவு சின்ன வேலைக்குக் கொத்தனார் யாரும் வருவதாக இல்லை. கரண்டியே பிடித்துப் பழக்கமில்லாத நான் இதைக் கட்டலாமா?

தாராளமாகக் கட்டலாம். கொத்து வேலை பழக இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. மூலை திருப்பும் வேலை கிடையாது. இரண்டு பக்கமும் பழைய சுவரே மட்டம் காட்டும். மேலே உள்ள பாரத்தை லிண்டல் தாங்கிக்கொள்கிறது. வரிசை கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பூச்சு மூடிவிடும். ஆனால் கல்லை அடுக்குவது இதில் பாதி வேலைதான். புதுக்கட்டைப் பழைய சுவரோடு கோர்ப்பதுதான் மீதிப் பாதி, கஷ்டமான பாதியும் அதுதான். அடைத்த கதவின் உருவம் அப்படியே நீளச் சதுரமாக விரிசல் விட்டுத் தெரிகிற சுவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். கோர்க்காமல், இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கல்லைச் செருகி வைத்துவிட்டுப் பூசியதால் வருவது அது. அதனால் இந்தப் பதிலில் பாதிக்கு மேல் அந்த இணைப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நிலையைக் கழற்றுவதற்கு முன்னால் அதன் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்களிடம் கான்கிரீட் லிண்டல் இருப்பதாகச் சொல்கிறீர்கள். பூச்சைக் கொஞ்சம் தட்டி எடுத்து, அது இரண்டு பக்கமும் சுவருக்குள் குறைந்தது 6 இஞ்ச் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய தொழுவம், பம்ப்செட் அறை போன்றவற்றில் லிண்டலே போடாமல் மர நிலையின் மேல்கட்டையையே நம்பி மேலே நாலைந்து வரி கல் கட்டியிருப்பார்கள். அப்படி இருந்தால் நிலையில் கை வைக்கக் கூடாது. முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும், அந்த வேலைக்கு அனுபவம் உள்ள ஆள் கட்டாயம் தேவை. அதே போல வாசல் ஓரமாக கரண்ட் வயர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஸ்விட்ச் போர்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மெயினை அணைத்துவிட்டு உளியை எடுங்கள்.

அடுத்தது அடியில். வீடு மாதிரி முறையாகக் கட்டிய கட்டடம் என்றால் வாசலுக்குக் கீழேயும் பேஸ்மட்டச் சுவர் தொடர்ந்து போயிருக்கும், அதன் மேல் நேராகக் கட்டிக்கொள்ளலாம். வண்டி விடுகிற அகலமான வழியாக இருந்தால் கீழே வெறும் தளம்தான் இருக்கும். வாசல் நடுவில் ஒரு அடி தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வெறும் தளத்தின் மேல் 9 இஞ்ச் சுவரை ஏற்றினால், புதுச் சுவர் உட்காரும்போது பழைய சுவர் அசையாமல் நிற்கும், இணைப்பில் விரிசல் வரும். அந்த நிலைமையில் ஒன்றரை அடி அகலத்துக்குப் பழைய அஸ்திவாரத்தின் ஆழம் வரை வாரி எடுத்து, 1:4:8 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி) 40 மி.மீ. ஜல்லி போட்டு 6 இஞ்ச் கான்கிரீட் போட்டுவிட்டு மேலே வர வேண்டும். கரிசல் மண் உள்ள ஊர் என்றால் இதில் சமரசமே வேண்டாம். அந்த மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும்.

இனி கல். நம் ஊர்ச் செங்கல் ஏறத்தாழ 9 × 4¼ × 2¾ இஞ்ச் இருக்கும், சூளைக்குச் சூளை மாறும். செங்கல்லுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1077 சொல்லும் 190 × 90 × 90 மி.மீ. மாடுலர் கல் உங்களுக்கு உதவாது, பழைய சுவரோடு வரி சேராது. கடைக்குப் போகும்போது பழைய சுவரில் பத்து வரியின் மொத்த உயரத்தை அளந்துகொண்டு போங்கள். ஒரே ஒரு வரியை அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். நல்ல கல்லுக்குப் பெரிய சோதனை எல்லாம் தேவையில்லை. இரண்டு கல்லை ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும், நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது, இடுப்பு உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் உடையக் கூடாது. 9 இஞ்ச் சுவருக்குச் சதுர அடிக்கு 10 கல் என்பது கணக்கு. உங்கள் வழி 19½ சதுர அடி, ஆக 195 கல். உடைசலுக்கும் சேர்த்து 220 வாங்கிக்கொள்ளுங்கள். சிமென்ட், சுவர் கட்டுவதற்கு அரை மூட்டைக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு பக்கப் பூச்சுக்கு அரை மூட்டை ஆகும். இரண்டு மூட்டை வாங்கினால் கையைக் கடிக்காது. கட்டுக்கு எம் சாண்ட் (கல்லை உடைத்த மணல்) 5 கன அடி, பூச்சுக்கு பி சாண்ட் (அதிலேயே நைசானது) 3 கன அடி போதும். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் கிடைக்கிற மணலை அள்ளிவிட வேண்டாம். உப்பு உள்ள மணலில் கட்டிய சுவர் வருஷா வருஷம் பூத்துக்கொண்டே இருக்கும்.

சாமான்களில் கரண்டி, தூக்குக் குண்டு, ரசமட்டம், நூல், கொத்துச் சுத்தி, உளி, இரண்டு இரும்புச் சட்டி, மண்வெட்டி இவை இருந்தால் வேலை ஓடும். இவற்றோடு ஒரு நேரான ரீப்பர் கட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பழைய சுவரில் நிறுத்தி, ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் பென்சில் கோடு போடுங்கள். கட்டும்போது ஒவ்வொரு வரிக்கும் இந்தக் கட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தால் உங்கள் வரிசை பழைய வரிசையோடு சேர்ந்தே மேலே போகும். புதியவர்களுக்கு இதைவிட உதவியான கருவி வேறு இல்லை. கை உறையும் வாங்குங்கள். சிமென்ட் சாந்து கையில் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் வெந்துவிடும். உளி அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பல் விடுவதற்கு, அதாவது புதுக் கல்லைக் கோர்க்கப் பழைய சுவரில் பொந்து எடுப்பதற்கு, வருவோம். நிலையைக் கழற்றி, ஹோல்ட்ஃபாஸ்டை (நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை) அறுத்து எடுத்ததும் வாசலின் இரண்டு ஓரமும் பூச்சோடு இருக்கும். ஓரத்திலும், சுவரின் முகத்தில் இரண்டு பக்கமும் அரை அடி வரைக்கும் பூச்சை உடைத்து எடுத்துக் கல்லைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். நம் ஊர் 9 இஞ்ச் சுவரில் பொதுவாக ஒரு வரி நெடுக்குக் கல், அடுத்த வரி குறுக்குக் கல் என்று மாறி மாறிப் போகும். நெடுக்கு வரியில் கல்லின் 9 இஞ்ச் பக்கம் தெரியும், குறுக்கு வரியில் சாந்தோடு சேர்த்து 4½ இஞ்ச் தலை தெரியும். இதில் குறுக்கு வரியின் கடைசிக் கல்லை மட்டும் எடுக்க வேண்டும். நெடுக்கு வரியைத் தொட வேண்டாம். கல்லைச் சுற்றியுள்ள சாந்தை முதலில் உளியால் குடைந்து எடுத்துவிட்டால் கல் தானாகத் தளரும். கல்லின் நடுவில் ஓங்கி அடித்தால் அதிர்ச்சி சுவர் முழுக்கப் போகும், பக்கத்துக் கல்லெல்லாம் ஆட்டம் கண்டுவிடும். பொறுமையாகச் செய்தால் ஒரு வரி விட்டு ஒரு வரி, 4½ இஞ்ச் ஆழத்தில் பொந்து பொந்தாகக் கிடைக்கும்.

லிண்டல் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழே மூன்று வரிக்குப் பல் விடவே வேண்டாம். லிண்டலின் பாரம் முழுக்க அந்தக் கல்களின் தலையில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் பல்லுக்குப் பதிலாக 6 மி.மீ. கம்பியை ஒரு அடிக்கு வெட்டி, பழைய சுவரின் சாந்துச் சந்தில் 4 இஞ்ச் துளை போட்டுச் சாந்தோடு செருகி, மீதியைப் புதுச் சுவரின் படுக்கைச் சந்தில் (இரண்டு வரிக்கு நடுவில் உள்ள சாந்தில்) புதைத்துவிட்டால் போதும்.

பழைய சுவர் மண் சாந்தில் கட்டியதாக இருந்தால் முழு உயரத்துக்கும் இந்தக் கம்பி முறைதான் நல்லது. நாலு வரிக்கு ஒரு கம்பி. மண் சாந்துச் சுவரில் உளி அடித்தால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் என்றால் பல் விடலாம், ஆனால் கலவையை மாற்றுங்கள்: சிமென்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு. தனிச் சிமென்ட் சாந்து அந்தச் சுவருக்கு முரட்டுத்தனமாக இருக்கும். பழைய கல் மெல்லியதாக இருந்து எந்தப் புதுக் கல்லோடும் வரி சேரவில்லை என்றாலும் கம்பிக்கே போய்விடுங்கள்.

பல் விட்ட சுவரில் கல் எப்படிப் போக வேண்டும் என்பதைத் தாளில் ஒரு தடவை வரைந்து பாருங்கள். பொந்து உள்ள வரியில், ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு கல்லை நெடுக்காக, பக்கத்தில் பக்கமாக வைக்க வேண்டும். ஒவ்வொரு கல்லும் பாதி பழைய சுவருக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கும். அந்தப் பாதிதான் இரண்டு சுவரையும் பிடித்துக்கொள்கிற பல். நடுவில் மீதமுள்ள 27 இஞ்சுக்கு ஆறு குறுக்குக் கல். பொந்து இல்லாத வரியில் பழைய சுவரை ஒட்டி முக்கால் கல்லில் ஆரம்பியுங்கள். முக்கால், முழு, நடுவில் குறுக்காக ஒன்று, முழு, முக்கால். இஞ்சில் கூட்டினால் 6¾, 9, 4½, 9, 6¾, சரியாக 36. இப்படி வைத்தால் மேல் வரியின் குத்துச் சந்தும் (பக்கத்துப் பக்கத்துக் கல்லுக்கு நடுவில் நிமிர்ந்து நிற்கும் சந்து) கீழ் வரியின் குத்துச் சந்தும் எங்குமே ஒன்றின் மேல் ஒன்று விழாது. முழுக் கல்லில் ஆரம்பித்தால் 9 இஞ்சில் சந்தும் சந்தும் சேர்ந்துவிடும், அந்தக் கோட்டிலேதான் சுவர் பின்னால் பிளக்கும். கல் அளவு கொஞ்சம் கூடக் குறைய இருக்கும் என்பதால், சாந்து போடாமல் இரண்டு வரியையும் ஒருமுறை தரையில் அடுக்கிப் பார்த்து, சந்தைக் கூட்டிக் குறைத்துச் சரி செய்துகொள்ளுங்கள்.

கட்டுவதற்கு முன் கல்லை நனைப்பதைச் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். காய்ந்த செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் தண்ணீர் குடிக்கும். நனைக்காமல் வைத்தால் சாந்தில் உள்ள தண்ணீரை நிமிஷத்தில் உறிஞ்சிவிடும், சிமென்ட் இறுகத் தண்ணீர் இல்லாமல் பொடியாக நின்றுவிடும். மேலே குடத்தால் ஊற்றுவது பத்தாது. பீப்பாயில் தண்ணீர் நிரப்பிக் கல்லை முழுக்க முக்குங்கள். குமிழ் வந்துகொண்டே இருக்கும், அது நிற்கும் வரைக்கும் உள்ளே கிடக்கட்டும். எடுத்ததும் உடனே வைக்கவும் கூடாது. தண்ணீர் சொட்டுகிற கல் சாந்தின் மேல் வழுக்கும். வெளியே எடுத்து அடுக்கி, மேல் ஈரம் வடிந்து மங்கின பிறகு வையுங்கள். பழைய சுவரின் பொந்துகளையும் முந்தின நாள் மாலை ஒரு தடவை, கட்டுகிற அன்று காலை ஒரு தடவை நன்றாக நனைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். புதுக் கல்லை நனைத்துவிட்டுப் பழைய கல்லைக் காய விட்டால், இணைப்புச் சாந்து மட்டும் செத்துப்போகும். இதெல்லாம் சுட்ட செங்கல்லுக்கு. ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல் வாங்கினால் முக்க வேண்டாம், மேலே தண்ணீர் தெளித்தால் போதும்.

9 இஞ்ச் கட்டுக்கு 1:6 கலவை, சிமென்ட் ஒன்று, மணல் ஆறு. மண்வெட்டிக் கணக்கில் போடாமல் சட்டியால் அளந்து போடுங்கள். முதலில் தண்ணீர் ஊற்றாமலே நிறம் ஒன்றாகும் வரை மூன்று தடவை புரட்டுங்கள், அப்புறம்தான் தண்ணீர். கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் சாந்து மெதுவாக வழுகி இறங்க வேண்டும். ஓடினால் தண்ணீர் அதிகம், ஒட்டிக்கொண்டு நின்றால் குறைவு. சிமென்ட் தண்ணீர் பட்ட அரை மணி நேரத்துக்கு மேல் இறுக ஆரம்பிக்கலாம். புதியவர் கை மெதுவாகத்தான் போகும், அதனால் ஒரு தடவைக்கு ஒரு சட்டி சிமென்ட்டுக்கு மேல் கலக்காதீர்கள். இறுகத் தொடங்கிய சாந்தில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைக்கிற பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. அதில் வைத்த கல் ஒட்டியது போலத் தெரியும், ஒட்டாது.

கட்ட ஆரம்பிக்கும்போது அடியில் மண் ஈரம் ஏறாமல் இருக்க, 1:3 கலவையில் வாட்டர்புரூஃப் பவுடர் சேர்த்து ஒரு இஞ்ச் கனத்துக்குப் படுக்கை போட்டு, அது இறுகிய பிறகு முதல் வரியை வையுங்கள். முதல் வரிக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. அது மட்டமாக இருந்தால் மேலே உள்ளதெல்லாம் சுலபம்.

நூலைப் பழைய சுவரின் முகத்துக்கு நேராக, வெளியே தெரிகிற பக்கத்தில் கட்டுங்கள். செங்கல்லின் நீளம் ஒன்றுக்கொன்று மாறுவதால் 9 இஞ்ச் சுவரில் ஒரு முகம்தான் ஒழுங்காக வரும். மற்ற முகம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும், அதைப் பூச்சில் சரிக்கட்டிக்கொள்வார்கள். சாந்தை அரை இஞ்ச் கனத்துக்குப் பரப்பி, கல்லின் பள்ளம் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, கையால் அமுக்கி, கரண்டிப் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினால் நூல் மட்டத்துக்கு இறங்கும். பக்கவாட்டில் ஒட்ட வேண்டிய முகத்தில் சாந்தை முன்னாலேயே பூசிக்கொண்டு கல்லைத் தள்ளி ஒட்டுங்கள். வைத்துவிட்டு அப்புறம் மேலேயிருந்து சந்தில் சாந்தைக் கொட்டினால் உள்ளே பாதி வெற்றிடமாக நிற்கும். வைத்த கல் கொஞ்சம் இறுகின பிறகு கோணல் என்று தெரிந்தால் தட்டி நகர்த்தாதீர்கள். எடுத்து, பழைய சாந்தைச் சுரண்டிவிட்டு, புதுச் சாந்தில் வையுங்கள். மூன்று வரிக்கு ஒரு தடவை தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தால் போதும்.

பொந்துக்குள் கல் வைப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். முதலில் பொந்தின் அடியிலும் பின்பக்கத்திலும் சாந்தை வீசி அப்புங்கள். கல்லின் தலைப்பக்கத்திலும் மேலேயும் சாந்து பூசிக்கொண்டு உள்ளே தள்ளுங்கள். நாலு பக்கமும் சாந்து பிதுங்கி வெளியே வர வேண்டும். எந்தப் பக்கம் பிதுங்கவில்லையோ அந்தப் பக்கம் காலி என்று அர்த்தம். அங்கே கரண்டி முனையால் சாந்தைக் குத்திக் குத்தி ஏற்றுங்கள். கல்லுக்கு மேலே இடைவெளி அதிகமாக இருந்தால் செங்கல் சில்லைச் சாந்தோடு சேர்த்து இறுக்கமாகச் செருகலாம். ஒவ்வொரு பொந்துக்கும் இப்படியே. இங்கே செலவாகும் நேரம்தான் விரிசல் வராமல் காக்கும்.

ஒரு நாளைக்கு மூன்றரை அடிக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஈரச் சாந்து கீழே இறுகுவதற்கு முன் மேலே பாரம் ஏறினால் சந்து நசுங்கி வரி இறங்கிவிடும். உங்கள் சுவர் தானாகவே இரண்டு மூன்று நாள் வேலையாகிவிடும், அது நல்லதுக்குத்தான். அன்றன்றைய வேலை முடிந்ததும், சாந்து பச்சையாக இருக்கும்போதே எல்லாச் சந்தையும் அரை இஞ்ச் ஆழத்துக்குச் சுரண்டிவிடுங்கள். பூச்சு பிடிக்க இந்தப் பள்ளம் வேண்டும், காய்ந்த பிறகு சுரண்ட முடியாது.

லிண்டலுக்கு அடியில் கடைசி வரியை அன்றே முடிக்கும் ஆசை வரும். முடிக்காதீர்கள். புதுச் சாந்து இறுகும்போது சுவர் கொஞ்சம் இறங்கும், உடனே அடைத்தால் மேலே முடி அளவுக்கு ஒரு வெடிப்பு நிச்சயம். இரண்டு நாள் விட்டு அந்த வரியை வையுங்கள். அதற்கு மேலும் மிஞ்சுகிற இடைவெளிக்கு 1:3 கலவையைப் புட்டு மாவுப் பதத்துக்கு, கையில் பிடித்தால் நிற்கிற அளவு ஈரத்தோடு கலந்து, ஒரு பட்டைக் கட்டையை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி உள்ளே திணியுங்கள். இரண்டு பக்கமிருந்தும் திணிக்க வேண்டும். தளர்ந்த சாந்தை அப்பினால் அது சுருங்கி மறுபடியும் இடைவெளி விட்டுவிடும்.

தண்ணீர் விடுவது அடுத்த நாள் காலையிலிருந்து. குறைந்தது 7 நாள், பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் 10 நாள். பகலில் சுவர் வெளுத்துத் தெரியாத அளவுக்கு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நனைத்த கோணியைத் தொங்கவிட்டால் நடை மிச்சம். வெயில் சுள்ளென்று அடிக்கும் சித்திரை வைகாசியில் காலை, மாலை இரண்டு வேளை ஊற்றினால் பத்தவே பத்தாது.

பூச்சை அவசரமாகப் பூச வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. அது குடியிருக்கும் வீடு இல்லையே, ஒரு மாதம் கல்லோடு நிற்கட்டும். அடங்க வேண்டிய அசைவெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பூசும் முன் பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் கோட்டின் மேல், லிண்டல் அடியிலும் சேர்த்து, ஒரு அடி அகலத்துக்குக் கோழி வலையை இரண்டு பக்கமும் பாதிப் பாதி வரும்படி இழுத்து ஆணி அடியுங்கள். தொய்வாக அடித்தால் வலை அடித்ததே வீண். 1:5 கலவையில் ஒழுங்கான முகத்துக்கு 12 மி.மீ., ஏற்ற இறக்கமான முகத்துக்கு 15 மி.மீ. பூசினால் சரியாக இருக்கும். பூச்சுக்கும் ஒரு வாரம் தண்ணீர். அறையில் வேறு ஜன்னல் இல்லையென்றால், அல்லது உரம், பெட்ரோல், ஜெனரேட்டர் என்று ஏதாவது உள்ளே வைப்பதாக இருந்தால், கட்டும்போதே லிண்டல் வரை எல்லாவற்றையும் மூடிவிடாமல் மேலே ஒரு சிமென்ட் ஜாலி (காற்று வர ஓட்டை விட்ட பலகை) வைத்துவிடுங்கள். கீழேயும் ஒன்று இருந்தால் காற்று ஓடும். ஜாலி வைக்கும் இடம் பல் இல்லாத நடுப்பகுதியில் இருக்க வேண்டும், ஓரத்துக்குப் போகக் கூடாது.

கட்டும்போது லிண்டலில் ஏற்கெனவே நடுவில் வெடிப்பு இருப்பதைப் பார்த்தாலோ, பல் விடும்போது பழைய சுவரில் கல் ஒன்றன் பின் ஒன்றாகத் தளர்ந்து வந்தாலோ, அங்கேயே நிறுத்தி ஒரு முட்டுக் கொடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அரை நாள் கூலி கொடுத்து அந்த ஓரத்தை மட்டும் கட்டிக் கொடுக்கச் சொன்னால், நடுவில் உள்ளதை நீங்களே நிதானமாக ஏற்றிக்கொள்ளலாம்.